நீராவி வண்டி செய்த சுவாமியார்



நம் பழங்காநத்தம் ரவுண்டானாவில் இராப்பகலாய் வண்டிகள் ஓடுகின்றன. மாடும் குதிரையும் இழுக்காமல், நீராவியின் பலத்தால் தரையில் ஓடிய வண்டியைப் பற்றி உலகத்துக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய விவரங்களில் ஒன்றை எழுதி வைத்தவர் ஒரு குருவானவர் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திராது. அவர் சேசு சபையைச் சேர்ந்த பெர்டினாண்ட் வெர்பீஸ்ட் சுவாமி.

இன்றைய பெல்ஜியம் தேசத்தில், பிட்டெம் என்னும் ஊரில் 1623-ம் வருஷம் பிறந்தார். 1641-ல் சபையில் சேர்ந்தார். சீன தேசத்துக்குக் கப்பலேறியவரை, 1660-ல் பீக்கிங் நகருக்கு அழைத்தார்கள். அங்கே ஆடம் ஷால் என்ற முதிய சுவாமி, அரசாங்கப் பஞ்சாங்கத்தைக் கணிக்கும் பெரிய உத்தியோகத்தில் இருந்தார். அவருக்குத் துணையாக வெர்பீஸ்ட் அமர்ந்தார்.

பொறாமைக்குக் கேட்க வேண்டுமா? 1664-ல் யாங் குவாங்சியென் என்பவர் வேதத்துக்கும் பஞ்சாங்கத்துக்கும் விரோதமாய்க் குற்றஞ்சாட்ட, சுவாமிமார் விலங்கிடப்பட்டார்கள். எழுபது வயது கடந்த ஷால் சுவாமிக்குப் பாரிசவாயு கண்டு நாக்கு எழவில்லை. சபையின் நடுவே அவருக்குப் பதிலாகப் பேசியவர் வெர்பீஸ்ட். தம்மைக் காப்பாற்றிக்கொள்ள ஒதுங்கி நின்றிருக்கலாம், நிற்கவில்லை. வண்டியைவிட இதுவே பெரிய காரியம் என்பேன். 1665-ல் பூமி அதிர்ந்தது. அரண்மனை நடுங்கிற்று, சுவாமிமார் விடுதலையானார்கள். ஆனால் அவர்களோடு வேலை செய்த சீனக் கிறிஸ்தவ வான சாஸ்திரிகள் ஐவரின் தலைகள் வெட்டுண்டன. அந்த ஐவரை நாம் நினைப்பது குறைவு. மறு வருஷம் ஷால் சுவாமி மரித்தார்.

காங்ஸி சக்கரவர்த்தி அப்போது பதினான்கு வயதுப் பிள்ளை. ஆனால் கூர்மையான பிள்ளை. 1668 டிசம்பர் முடிவில் ஒரு பரீட்சை வைத்தார். நட்டுவைத்த கம்பத்தின் நிழல் நண்பகலில் எவ்வளவு நீளம் விழும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். வெர்பீஸ்ட் குறித்த இடத்திலேயே நிழல் விழுந்தது. பஞ்சாங்கத்தில் தவறாகச் சேர்த்திருந்த அதிக மாதமும் நீக்கப்பட்டது. 1669-ல் வானசாஸ்திர இலாகா அவர் கைக்கு வந்தது. அடுத்த சில வருஷங்களில் ஆறு பெரிய வெண்கலக் கருவிகளைச் செய்வித்தார்.

இந்த வேலைகளுக்கு நடுவேதான், 1670-களில், அந்தச் சிறு வண்டி. நீளம் இரண்டே அடி. நம் குழந்தைகளின் நடைவண்டியளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். இலேசான மரம், நான்கு சக்கரம். நடுவில் தணல் நிறைந்த சட்டி, அதன்மேல் தண்ணீர் அடைத்த பாத்திரம், பாத்திரத்துக்கு ஒடுங்கிய மூக்கு. இட்லிக் கொப்பரையின் மூடியைத் தூக்குகிறதே, அதே ஆவி இந்த மூக்கு வழியே சீறிப் பாய்ந்து, தகடுகள் பதித்த ஒரு சக்கரத்தைச் சுழற்றியது. அந்தச் சுழற்சியை வெண்கலப் பற்சக்கரம் வாங்கி முன் அச்சுக்குக் கொடுக்க, வண்டி ஓடிற்று. ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஓடியதாம்! நேரே போய்ச் சுவரில் முட்டாதிருக்கப் பின்னால் ஐந்தாவது சக்கரம் ஒன்றைச் சாய்த்து மாட்டினார், முற்றத்துக்குள்ளேயே வட்டமிட்டது. ஆள் ஏறும் வண்டியல்ல. ஆவியின் பலம் எவ்வளவு என்று அறியச் செய்த சோதனை. சிறு படகு ஒன்றையும் இதே முறையில் ஓட்டிக் காட்டினார்.

பிரான்சில் கூன்யோ என்பவர் ஆள் ஏறும் நீராவி வண்டியை ஓட்டியது 1769-ல். அதில் ஆவி உந்துதண்டைத் தள்ளியது. ஆவி தகடுகளில் மோதிச் சக்கரம் சுழலும் முறையோ, இன்று தூத்துக்குடியிலும் நெய்வேலியிலும் மின்சாரம் எடுக்கும் முறை.

வெர்பீஸ்ட் ஏன் பெரிய வண்டி செய்யவில்லை? அவருக்கு நேரம் ஏது! 1673-ல் தெற்கே கலகம் மூண்டது; சக்கரவர்த்தி பீரங்கி வார்க்கச் சொன்னார். குருவானவர் தயங்கினார், பிறகு நூற்றுக்கணக்கில் வார்த்துக் கொடுத்தார். மறுத்திருந்தால் சீனத்துக் கிறிஸ்தவர்களின் கதி என்னாகும் என்று அவர் நினைத்திருக்கலாம். எனக்கு மனம் முழுதும் ஒப்பவில்லை. ஆனால் அந்த விலங்கை நான் அணிந்ததில்லை. நம் மதுரை மிஷனில் அர்ச். அருளானந்தர் காலடி வைத்ததும் அதே காலம், 1674.

வண்டியின் விவரம் 1687-ல் ஜெர்மனியில் அச்சான அவருடைய லத்தீன் நூலில், வான சாஸ்திரத்தின் ஊடே, ஒரு சிறு பகுதியாக வந்தது. குதிரையிலிருந்து விழுந்த காயத்தால் 1688 ஜனவரி 28-ல் மரித்தார். சக்கரவர்த்தி ராஜ மரியாதை செய்து, சிறப்புப் பெயரும் சூட்டினார். ரிச்சி, ஷால் சுவாமிகள் துயிலும் கல்லறைத் தோட்டத்திலேயே அவரையும் அடக்கம் செய்தார்கள். ஆறு கருவிகளும் இன்று பெய்ஜிங் எனப்படும் அந்நகரின் பழைய வானாராய்ச்சி மேடையில் இருக்கின்றன. மரவண்டி மிஞ்சவில்லை, பிற்காலத்தவர் அவர் எழுதிய விவரத்தைப் பார்த்தே மாதிரிகள் செய்கிறார்கள்.