அரிச்சந்திரனை ஆங்கிலத்தில் தந்த சர் முத்து குமாரசுவாமி

நைனார்பாளையம் முதலான கள்ளக்குறிச்சி வட்டார ஊர்களில் அரிச்சந்திரன் ஏட்டில் மட்டும் வாழ்பவன் அல்லன். விடிய விடிய நிகழும் கூத்தில் மயான காண்டம் நெருங்கும்போது உறங்கியவரும் விழித்துக்கொள்வர். சுடுகாட்டு வழியில் பாடை இறக்கி வைக்கப்படும் இடத்துக்கும் அவன் பெயரே வழங்கும். இவ்வாறு மக்கள் வாழ்வோடு கலந்த கதையைத் தமிழ் நாடகத்திலிருந்து ஆங்கிலமாக்கி, 1863ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் நூலாக வெளியிட்டவர் ஈழம் ஈன்ற சர் முத்து குமாரசுவாமி ஆவார்.

அன்னார் 1834ஆம் ஆண்டில் பிறந்தார். தந்தையார் ஆறுமுகநாதபிள்ளை குமாரசுவாமி முதலியார், இலங்கைச் சட்டநிரூபண சபையில் தமிழர் சார்பில் முதன்முதலாக அமர்ந்தவர். அவர் 1836இல் மறைந்தபோது மைந்தருக்கு வயது இரண்டே. கொழும்பில் கல்வி பயின்று வழக்கறிஞரான முத்து குமாரசுவாமி, முப்பது வயது நிரம்புமுன்பே தந்தையார் வீற்றிருந்த அதே சபையில் இடம் பெற்றார். பின்னர் இங்கிலாந்து சென்று, 1863இல் லிங்கன்ஸ் இன் என்னும் சட்டக் கழகத்தின் வழியாகப் பாரிஸ்டர் பட்டமும் எய்தினார். நாடக மொழிபெயர்ப்பு வெளிவந்ததும் அவ்வாண்டிலேதான்.

கீழை நாடகங்கள் ஆங்கிலத்துக்குச் செல்வது அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. காளிதாசரின் சாகுந்தலத்தைக் கல்கத்தா நீதிபதி வில்லியம் ஜோன்ஸ் 1789இல் ஆங்கிலமாக்கினார். சீனத்தின் பழைய நாடகம் ஒன்றைக் கிழக்கிந்தியக் கும்பினி அலுவலர் ஜான் பிரான்சிஸ் டேவிஸ் 1817இல் பெயர்த்தளித்தார். இருவரும் அயல்மொழியைக் கற்றுத் தம் மொழிக்குச் செல்வம் சேர்த்தவர்கள். முத்து குமாரசுவாமியோ தம் இனத்தார் போற்றிய நாடகத்தைத் தாமே தேர்ந்து, ஆள்வோர் மொழியில் அவர்தம் தலைநகரிலேயே முன்வைத்தார். எதை மொழிபெயர்ப்பது என்னும் உரிமை அங்கே தமிழர் ஒருவரின் கைக்கு வந்தது. கவிஞர்கள் கருதிப் பார்க்கத்தக்க செய்தி இது.

அப்பணி எளிதன்று. நாடும் மனையும் மகனும் இழந்து சுடலை காக்கும் மன்னன், தன் மகனின் உடலுக்கே முழத்துண்டும் கால்பணமும் வாய்க்கரிசியும் கேட்கும் இடத்தில் தமிழர் நெஞ்சம் உருகும். அச்சொற்களின் பின்னுள்ள சடங்கையும் குலமுறையையும் அறியாத அயலாருக்கு அவ்வுருக்கத்தை எட்டச் செய்வது அருஞ்செயலே.

அன்னாரின் புலமை சைவத் தமிழ் எல்லையோடு நின்றுவிடவில்லை. பாலி மொழியிலிருந்து தாதாவம்சத்தையும் சுத்தநிபாதத்தின் பகுதிகளையும் ஆங்கிலமாக்கி 1874இல் வெளியிட்டார். அவ்வாண்டிலேயே சர் பட்டமும் பெற்றார். பின்னர் எலிசபெத் கிளே பீபி என்னும் ஆங்கில நங்கையை மணந்தார். 1877இல் பிறந்த மைந்தரே கலைமேதை ஆனந்த குமாரசுவாமி.

மனைவியும் மகவும் இங்கிலாந்தில் இருக்க, அவர்களிடம் செல்லக் கப்பலேறும் வேளையில், 1879 மே திங்களில் கொழும்பில் உயிர் நீத்தார். வயது நாற்பத்தைந்து. தாம் தந்தையை இழந்தது போலவே மைந்தரும் இரண்டு வயது நிரம்புமுன் தந்தையை இழந்தார். அம்மைந்தர் 1917இல் கோபாலகிருஷ்ணய்யாவுடன் இணைந்து அபிநய தர்ப்பணத்தை ஆங்கிலமாக்கினார். தந்தையார் நாடகத்தைத் தந்தார். மைந்தர் நடிப்பின் இலக்கணத்தைத் தந்தார். மேடைத் தமிழை உலக மன்றுக்கு எடுத்துச் செல்ல விழைவோர்க்கு முத்து குமாரசுவாமி என்றும் முன்னோடியாவார்.