முழுமைக்குக் காத்திராத மேதை

நீந்தத் தெரிந்த பிறகுதான் கிணற்றில் இறங்குவேன் என்பவன் எந்நாளும் நீந்தப் போவதில்லை. முதலாண்டில் நான் அப்படித்தான் கரையில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். தமிழில் படித்து வந்த எனக்கு ஆங்கிலப் பாடத்தில் ஒரு வரி புரியாவிட்டால் மறுவரியைக் கேட்க மனம் வராது, குறிப்பேட்டை மூடிவிடுவேன். முழுதும் தெரியவேண்டும், இல்லையேல் ஒன்றுமே வேண்டாம் என்னும் அந்த வீம்பை உடைத்தது மைக்கேல் பாரடேயின் வாழ்க்கை வரலாறு.

பாரடே 1791-ஆம் ஆண்டு இலண்டன் அருகே ஒரு கருமானின் மகனாகப் பிறந்தார். எழுத்தும் எண்ணும் ஓரளவு கற்றதோடு பள்ளிப்படிப்பு முடிந்தது. 14-ஆம் வயதில் புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகச் சேர்ந்தார். கட்டுவதற்கு வந்த நூல்களையே படித்தார். ஆய்வுக்கூடம் கிடைக்கட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. 1812-இல் ஏழு அரைப்பென்னிச் செப்புக் காசுகள், ஏழு துத்தநாக வில்லைகள், உப்பு நீரில் நனைத்த ஆறு காகிதத் துண்டுகள் ஆகியவற்றை அடுக்கி மின்கலம் செய்து பார்த்தார். அவ்வாண்டே சர் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டுக் குறிப்பெடுத்து, தாமே நூலாகக் கட்டி அவருக்கு அனுப்பினார். 1813-இல் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் டேவியின் உதவியாளரானார்.

மின்சாரம் காந்த விளைவைத் தருமானால், காந்தம் மின்சாரத்தைத் தராதா? 1822 முதல் இந்த எண்ணம் அவர் குறிப்பேட்டில் இருந்தது. சோதனைகள் பலமுறை தோற்றன. 1831 ஆகஸ்டு 29 அன்று, இரும்பு வளையத்தில் இரு கம்பிச்சுருள்களைச் சுற்றி, ஒன்றை மின்கலத்தோடு இணைத்தார். மற்றதன் அருகிலிருந்த காந்த ஊசி துடித்தது. உடனே பழைய நிலைக்கு வந்து நின்றுவிட்டது. இணைப்பை எடுத்தபோதும் ஒரு துடிப்பு, அவ்வளவே. முழு வெற்றியை மட்டுமே வெற்றி என்பவர் அதனைத் தோல்வியாகவே எழுதியிருப்பார். பாரடே அந்தச் சிறு துடிப்பைப் பற்றிக்கொண்டார். அக்டோபர் 17-இல் சுருளுக்குள் காந்தத்தை நுழைத்து மின்னோட்டம் கண்டார். 28-இல் பெரிய காந்தத்தின் முனைகளுக்கிடையே செப்புத் தட்டைச் சுழற்றித் தொடர் மின்னோட்டமே பெற்றார். மின்னாக்கிகளுக்கு அதுவே முன்னோடி.

உயர்கணிதம் அவருக்குக் கடைசிவரை கைவரவில்லை. காந்தத்தைச் சுற்றி இரும்புத்தூள் காட்டும் கோடுகளைக் கொண்டே சிந்தித்தார். அக்கருத்துக்குக் கணித வடிவம் தந்தவர் பின்வந்த மாக்ஸ்வெல். 1867-இல் பாரடே மறைந்தார். தெரியாத கணிதம் தெரியாததாகவே இருந்தது. தெரிந்ததைக் கொண்டு அவர் செய்த பணியோ உலகுக்கு ஒளி தந்தது.

நண்பர்களே! இப்போதும் வகுப்பில் எனக்குப் புரியாத வரிகள் உண்டு. அவற்றின் எதிரே ஒரு கேள்விக்குறி இட்டுவிட்டு அடுத்த வரிக்குச் செல்கிறேன். மாலையில் ஆசிரியரிடம் கேட்கிறேன். சில தீர்கின்றன, சில நிற்கின்றன. இன்னும் நன்றாக நீந்தத் தெரியாது. ஆனால் கிணற்றில் இறங்கிவிட்டேன்.