நடுவட்டத்துச் சிங்கோனாவும் ஒரு ‘சொல்றாங்க’வும்: யார் இந்த மார்க்கம்?

ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் சாலையில் நடுவட்டத்தைத் தாண்டியிருப்பீர்கள். இன்று கண்ணுக்கெட்டிய தூரம் தேயிலை. 1860-களில் அங்கே நட்டது சிங்கோனா மரம். மலேரியாவுக்கான கொய்னா மருந்து அதன் பட்டையிலிருந்து எடுப்பதுதான். அதைத் தென் அமெரிக்காவிலிருந்து இங்கே கொண்டுவரும் வேலையை முன்னின்று நடத்தியவர் கிளெமென்ட்ஸ் மார்க்கம்.

1830-இல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் பிறந்தவர். கடற்படையில் சேர்ந்தார், பிடிக்காமல் 1851-இல் விலகினார். இன்கா வரலாற்றின் மேல் அவருக்கு அப்படியொரு பைத்தியம். அடுத்த வருஷமே பெருவுக்குக் கிளம்பிவிட்டார். ஸ்பானிஷும் அந்த மண்ணின் கெச்சுவா மொழியும் கற்றார். 1860-இல் மறுபடி போனது நாற்றுகளுக்காக. உள்ளூர் அதிகாரிகள் தடுக்கப் பார்க்க, வேறு பாதையில் நழுவினார். பெருக்காரர்கள் கண்ணுக்கு இது திருட்டுதானே! அத்தனை பாடுபட்டும் அந்த நாற்றுகள் பெரும்பாலும் வழியிலேயே, செங்கடல் வெக்கையில் செத்துப்போயின. நீலகிரியில் தழைத்தது ரிச்சர்ட் ஸ்ப்ரூஸ் ஈக்வடாரில் சேகரித்த சிவப்புப் பட்டை ரகம். வளர்த்தவர் ஊட்டி பூங்காவின் மெக்கைவர். நடுவட்டத்தில் தோட்ட வேலை செய்தவர்களில் சீனக் கைதிகளும் உண்டு. பேர் என்னவோ மார்க்கமுக்கு.

சிங்கோனா என்ற பெயரிலும் ஒரு கதை இருக்கிறது. பெருவின் ஸ்பானிய ஆளுநர் சின்ச்சோன் பிரபு. அவர் மனைவிக்குக் காய்ச்சல் வந்து, இந்தப் பட்டையால் குணமாச்சாம். அதனால் 1742-இல் லின்னேயஸ் மரத்துக்கு அந்தப் பெயரை வைத்தார். வைக்கும்போது ஆங்கிலத்தில் ‘எச்’ எனும் எழுத்தை விட்டுவிட்டார். அந்த எழுத்தைத் திரும்பச் சேர்க்கணும் என்று 1874-இல் மார்க்கம் ஒரு புத்தகமே போட்டார். ஆனா டி ஒசோரியோ என்ற பிரபு மனைவியின் வாழ்க்கை அது.

ஸ்பானிஷில் ‘டிசென்’ என்றொரு வினை வடிவம் சர்வ சாதாரணம். ‘சொல்கிறார்கள்’ என்று பொருள். எழுவாய் வேண்டாம், வினையின் விகுதியே ‘அவர்கள்’ என்று காட்டிவிடும். யார் அந்த அவர்கள் என்று கேட்டால் பதில் கிடையாது. நம்ம ஊர் ‘சொல்றாங்க’ அப்படியே! தமிழில் இன்னும் சுருக்கம், ‘குணமாச்சாம்’ என்பதில் ஒரு ‘ஆம்’ போதும். கெச்சுவாவில் கண்ணால் கண்டதற்கு ‘மி’, காதால் கேட்டதற்கு ‘சி’ என்று ஒட்டுகளே தனித்தனி. 1864-இல் அந்த மொழிக்கு இலக்கண நூல் எழுதியவர் மார்க்கம்.

அப்படிப்பட்டவரே இந்த ‘ஆம்’மில் ஏமாந்தார். குணமான கதையை 1663-இல் அச்சேற்றியவர் இத்தாலிய மருத்துவர் ஒருவர், அதுவும் கேள்விப்பட்டதாக. ஆனா டி ஒசோரியோ 1625-லேயே ஸ்பெயினில் இறந்துவிட்டார். பிரபு பெருவுக்குக் கப்பல் ஏறியதே அதற்குப் பிறகு. கூடப் போனவர் இரண்டாம் மனைவி. 1941-இல் பழைய ஆவணங்களைப் புரட்டியபோது, ஆளுநரின் நாட்குறிப்பில் அவருக்கும் இந்தக் காய்ச்சல் வந்ததாகத் தகவல் இல்லை. அடிக்கடி காய்ச்சலில் படுத்தது பிரபுதான்.

மார்க்கம் பிற்காலத்தில் லண்டன் புவியியல் சங்கத் தலைவராகி, ஸ்காட்டை அண்டார்டிகாவுக்கு அனுப்பியவர். 1916 ஜனவரியில், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் படுத்தபடி படிக்கும்போது படுக்கையில் தீப்பிடித்து, 85 வயதில் இறந்தார். அவர் கேட்ட ‘எச்’ இன்றுவரை சேரவில்லை.