கூடாரத்தில் வாழ்ந்த ஆளுநர்: சர் தாமஸ் மன்றோ

சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் பண்டசாலைக்குப் பொறுப்பாக அமர்ந்த ஆங்கிலக் கம்பெனியின் முகவர் பதவியே காலப்போக்கில் ஆளுநர் பதவியாக வளர்ந்தது என்பதை வரலாறு பயின்றோர் அறிவர். துணிப்பொதிகளை எண்ணிக் கப்பலேற்றுவதே தொழிலாக இருந்தவர்கள், நூற்றைம்பது ஆண்டுகளில் ஆற்காட்டு நவாபையும் மைசூர்ச் சுல்தானையும் வீழ்த்தி நாடாளும் நிலைக்கு உயர்ந்தனர். அந்நாற்காலியில் அமர்ந்தோர் பலதரத்தினர். வணிகத்தில் பெரும்பொருள் ஈட்டித் தம் பெயரை அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு விட்டுச்சென்ற எலிகு யேல் இருந்தார். தந்தையின் புகழால் பதவி பெற்ற எட்வர்டு கிளைவ் இருந்தார். 1806ஆம் ஆண்டு வேலூர்ப் புரட்சிக்குப் பின் திருப்பியழைக்கப்பட்ட பெண்டிங்க் பிரபு இருந்தார். இவர்களுள் பலரும் இங்கிலாந்திலிருந்து நேரே ஆளுநராக வந்து இறங்கியவர்கள். அடிநிலைப் படைப்பயிற்சியாளராகக் கரையேறி, நாற்பது ஆண்டுகள் இம்மண்ணில் நடந்து, அதன்பின் அந்நாற்காலியை அடைந்தவர் சர் தாமஸ் மன்றோ. அன்னாரின் வாழ்வை ஈண்டுச் சுருங்க நோக்குவோம்.

ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரில் 1761ஆம் ஆண்டு மே 27ஆம் நாள் மன்றோ பிறந்தார். தந்தை அலெக்சாண்டர் மன்றோ, வட அமெரிக்காவின் வர்ஜீனியாவோடு புகையிலை வாணிகம் செய்தவர். அமெரிக்க விடுதலைப் போர் அவ்வணிகத்தை அடியோடு அழித்தது. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கற்ற மகன், வீட்டின் வறுமை நீக்கக் கம்பெனிப் படையில் சேர்ந்து 1780 சனவரியில் சென்னை வந்தார். அப்போது அவருக்கு வயது பதினெட்டு. இளமையில் கண்ட தட்டம்மையால் செவிப்புலன் மந்தமானது. பிறர் பேசுவதைக் கூர்ந்து கேட்டே ஆகவேண்டிய இக்குறை, பின்னாளில் குடியானவரின் முறையீடுகளைப் பொறுமையோடு கேட்கும் பழக்கமாக மாறியதோ என்று நமக்குத் தோன்றுவதுண்டு.

அவர் வந்த அதே ஆண்டில் ஹைதர் அலி கர்நாடகத்தின் மீது படையெடுத்தார். பொள்ளிலூரில் பெய்லியின் படை அழிந்தபோது, அருகிருந்தும் உதவ இயலாமல் பின்வாங்கிய படையில் இவ்விளைஞரும் ஒருவர். ஹைதரையும் அவர் திருமகன் திப்பு சுல்தானையும் எதிர்த்த போர்களில் அவர் பங்கு கொண்டார் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. அவர் நம் நாட்டை வென்றவர்களுள் ஒருவர்; அந்த வெற்றியின் பயனாகவே ஆட்சிக்கு வந்தவர். இதை மனத்தில் இருத்திக்கொண்டே மற்றவற்றைப் பேசுதல் நேர்மையாகும்.

போர்களின் இடையே பாளையங்களில் பிறர் சூதாடிப் பொழுது போக்க, மன்றோ இந்துஸ்தானியும் பாரசீகமும் பயின்றார். பாரசீகச் சுவடி ஒன்றிலிருந்து எமேசா நகரத்துக் காஜியாரின் கதையை ஆங்கிலத்தில் பெயர்த்தார். கடனுக்கு ஈடாக உடற்சதை கேட்ட வழக்கை அறிவுடைய காஜி தீர்த்துவைத்த கதை அது. ஷேக்ஸ்பியரின் வெனிஸ் வணிகன் நாடகத்தோடு ஒப்புமையுடைய இக்கதை, ஷேக்ஸ்பியர் ஆய்வாளர் மலோன் என்பாரின் கைக்கு எட்டி அச்சிலும் ஏறியது. ஒப்பிலக்கியம் பயிலும் நம் மாணவர்கள் இதனை ஆராயலாம்.

1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் விட்டுக்கொடுத்த பகுதிகளுள் சேலமும் பாரமகாலும் அடங்கும். இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களே பெரும்பாலும் அன்றைய பாரமகால். கேப்டன் ரீடு என்பாரின் தலைமையில் அங்கு வரிநிர்ணயம் செய்ய அனுப்பப்பட்ட உதவியாளர்களுள் மன்றோவும் ஒருவர். வாள் பிடித்த கை அங்கே அளவுச் சங்கிலியைப் பிடித்தது. ஊர் ஊராகச் சென்று, வயல் வயலாக நின்று, இந்நிலத்தை உழுபவன் யார், நீர் எங்கிருந்து வருகிறது, விளைவு எவ்வளவு, வரி எவ்வளவு என்று வினவினார். ஏழாண்டுகள் இவ்வாறு கழிந்தன. தருமபுரியில் தாமே அமைத்த தோட்டத்தின்மீது அவர் வைத்த அன்பு பெரிது. அவ்வூரைப் பிரிந்தபின் உடன்பிறந்தாளுக்கு எழுதிய கடிதத்தில் அத்தோட்டத்தை நினைந்து வருந்தினார் என அறிகிறோம்.

இப்பணியில் பிறந்து வளர்ந்ததே ரயத்துவாரி முறை. அரசுக்கும் உழவனுக்கும் இடையே ஜமீன்தார் என ஒருவர் நில்லாமல், உழவனே தன் நிலத்திற்கு நேரே பட்டாப் பெற்று நேரே தீர்வை செலுத்துவது இதன் சாரம். வங்காளத்தில் காரன்வாலிஸ் நிலையான ஜமீன்தாரி முறையைக் கொணர்ந்திருந்தார். சென்னை மாகாணத்திலும் 1802 முதல் அது பரவலாயிற்று. மன்றோ அதனை வாழ்நாள் முழுவதும் எதிர்த்தார். மொழியாசிரியர் என்ற முறையில் ஒன்றை இடையே கூற விரும்புகிறோம். ரயத்து, ஜில்லா, தாலுகா, தாசில், முன்சீப், வசூல் ஆகிய யாவும் அரபு மூலமுடைய சொற்கள், ஜமீன் பாரசீகம், ஜமாபந்தியோ இரண்டும் கலந்தது. முஸ்லிம் மன்னர்களின் ஆட்சியில் வழங்கிய சொற்களையும் அலுவல்முறைகளையும் களையாமல் அவற்றின் மீதே கம்பெனியார் தம் நிர்வாகத்தை எழுப்பினர். இச்சொற்கள் தமிழ்நாட்டுச் சிற்றூர்வரை வேரூன்றியதற்கு இதுவும் ஒரு காரணம்.

1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் கன்னட மாவட்டத்திற்கு அனுப்பப்பட்ட மன்றோ, 1800இல் நிஜாம் கம்பெனிக்கு அளித்த பகுதிகளுக்கு முதன்மைக் கலெக்டரானார். பல்லாரி, அனந்தபூர், கடப்பை முதலிய வறண்ட பகுதிகள் அவை. ஏறத்தாழ எண்பது பாளையக்காரர்கள் படைவைத்துக் குடிகளை வருத்திய காலம். 1807 வரை அப்பகுதி முழுவதையும் மன்றோ கூடாரத்தில் வாழ்ந்தபடியே சுற்றினார். மாளிகையில் அமர்ந்து கோப்புப் பார்க்கும் கலெக்டராக அவர் இருக்கவில்லை. அங்குள்ளோர் தம் பிள்ளைகளுக்கு மன்றோலப்பா என்று பெயரிட்டு வழங்கினர். மந்திராலயத்து மானிய நிலம் குறித்து விசாரிக்கச் சென்ற அவருக்கு, சமாதியிலிருந்து ராகவேந்திரர் காட்சி தந்து உரையாடினார் என்பது மடத்து மரபு. அம்மானியம் ஆதோனி ஆளுநர் சித்தி மசூத் கான் வழங்கியது என்பதும் அம்மரபே. ஆதோனியின் முஸ்லிம் ஆட்சியாளரையும் கிறிஸ்தவக் கலெக்டரையும் ஓர் இந்து மடம் நன்றியோடு நினைவில் வைத்திருப்பது நம் நாட்டின் இயல்பை உணர்த்தும்.

ஆனால் புகழ்ச்சி ஒன்றே வரலாறாகாது. மன்றோ நிர்ணயித்த தீர்வை கடுமையானது. அதனை அவரே உணர்ந்தார். 1807இல் தாயகம் திரும்புமுன், தீர்வையில் நூற்றுக்கு 25 பங்கு குறைத்தால்தான் உழவன் நிலத்தில் முதலிட்டு நிமிர்வான் என்று மேலிடத்திற்குப் பரிந்துரைத்தார். மேலிடம் இணங்கவில்லை, ஊர்களை மொத்தமாகக் குத்தகைக்கு விடும் முறையைப் புகுத்தியது. பதின்மூன்று ஆண்டுகள் கழித்துத் தாமே ஆளுநராக வந்தபோதுதான் தம் பழைய பரிந்துரையை மன்றோ நிறைவேற்ற முடிந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் நிலம் விட்டு ஓடிய உழவர்களுக்கு அக்குறைப்பு எவ்வாறு பயன்பட்டிருக்கும்?

இங்கிலாந்தில் இருந்த நாள்களில், 1813ஆம் ஆண்டு கம்பெனியின் பட்டயத்தைப் புதுப்பிக்கும் விசாரணையில் நாடாளுமன்றக் குழுவின் முன் மன்றோ சாட்சியளித்தார். இந்தியரின் வேளாண்மை, கைத்தொழில், ஊர்ப்பள்ளிகள், விருந்தோம்பல், பெண்களை மதிக்கும் பண்பு ஆகியவற்றை எடுத்துரைத்து, நாகரிகம் என்பது இரு நாடுகளுக்கிடையே விற்று வாங்கும் சரக்கானால் அதனை இறக்குமதி செய்வதில் இங்கிலாந்தே ஆதாயம் பெறும் என்னும் கருத்தைத் துணிந்து வெளியிட்டார். ஆளப்படுவோரைப் பற்றி ஆள்வோர் அவையில் அவ்வாறு பேசியவர் சிலரே.

1814இல் ஜேன் காம்ப்பெல் அம்மையாரை மணந்து, நீதிமுறைச் சீர்திருத்த ஆணையத்தின் தலைவராக மீண்டும் சென்னை வந்தார். 1816ஆம் ஆண்டுச் சட்டங்கள் ஊர் முன்சீப்புகளுக்கும் பஞ்சாயத்துகளுக்கும் வழக்குத் தீர்க்கும் உரிமை அளித்தன. அதே சட்டங்கள் வரி தண்டும் கலெக்டரிடமே காவல் அதிகாரத்தையும் ஒப்படைத்தன. முன்னது நன்மை. பின்னதன் விளைவு, வரி வசூலில் குடிகள் சித்திரவதைக்கு ஆளாயினர் என்று 1855இல் சென்னை விசாரணைக் குழுவே வெளிப்படுத்தும் அளவிற்குச் சென்றது. மன்றோ மறைந்து இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின் வந்த அறிக்கைதான். எனினும் விதையிட்டவர் அவர் என்பதை மறுத்தற்கில்லை.

1817-18ஆம் ஆண்டு மராத்தியப் போரில் படைத்தலைமை ஏற்றுப் புகழெய்தி, 1820 சூன் மாதத்தில் சென்னை ஆளுநராகப் பொறுப்பேற்றார். இன்று கிண்டியில் உள்ள ஆளுநர் மாளிகை அரசின் உடைமையானது அவர் காலத்தில்தான். ஆனால் மாளிகையில் அவர் மனம் ஒட்டவில்லை. மாவட்டந்தோறும் சுற்றுப்பயணம் தொடர்ந்தது.

கல்லூரி மலரில் எழுதுகின்ற நாம் சற்று நின்று நோக்க வேண்டிய செயல் ஒன்று உண்டு. 1822ஆம் ஆண்டு மன்றோ எல்லாக் கலெக்டர்களுக்கும் ஓர் ஆணை அனுப்பினார். தத்தம் மாவட்டத்தில் எத்தனை பள்ளிகள், எத்தனை மாணவர், எவ்வெச் சாதி சமயத்தினர், ஆண் எத்தனை, பெண் எத்தனை, என்ன நூல் பயில்கின்றனர், ஆசிரியர் ஊதியம் யாது என்று எண்ணி அனுப்புமாறு பணித்தார். நாட்டுக்குக் கல்வி கொடுக்கப் போகிறோம் என்று முழங்கியவர் பலர். நாட்டில் ஏற்கெனவே இருக்கும் கல்வி எவ்வளவு என்று முதலில் கேட்டவர் இவர். விடைகள் வந்துசேரச் சில ஆண்டுகள் ஆயின. 1 கோடியே 28 லட்சத்திற்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவரும் இருந்தமை தெரியவந்தது. 67 பேருக்கு ஒருவர் பள்ளி செல்கின்றனர் என்பது மன்றோவின் கணக்கு. வீட்டிலேயே கற்போரையும் சேர்த்தால், ஐந்து முதல் பத்து வயதுவரை உள்ள சிறுவருள் மூன்றிலொரு பங்கினர் கல்வி பெறுகின்றனர் என அவர் மதிப்பிட்டார். மலபார் மாவட்டத்தில் பள்ளி சென்ற முஸ்லிம் சிறுவர் 3,196 பேர். முஸ்லிம் சிறுமியர் 1,122 பேர். இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு கடற்கரை மாவட்டத்தில் மூன்று சிறுவருக்கு ஒரு சிறுமி ஓதச் சென்றிருக்கிறாள்! நம் சமுதாயத்தில் பெண்கல்வி நேற்று வந்த புதுமை எனக் கருதுவோர் இவ்வெண்களைப் பார்க்க வேண்டும். ஆவணக்காப்பகத்தில் உறங்கிய இவ்வறிக்கைகளைத் தரம்பால் என்னும் அறிஞர் 1983இல் நூலாக வெளியிட்டதால் இன்று யாவரும் காண முடிகிறது.

1826 மார்ச்சில் மன்றோ ஒரு திட்டம் வகுத்தார். சென்னையில் ஆசிரியர் பயிற்சிக்கு ஒரு பள்ளி. கலெக்டர் ஆட்சிப்பகுதிதோறும் இந்துக்களுக்கு ஒன்று, முஸ்லிம்களுக்கு ஒன்று என இரு பள்ளிகள். பின்னர்த் தாசில்தோறும் ஒரு பள்ளி. மாவட்டப் பள்ளி ஆசிரியருக்கு மாதம் 15 ரூபாய், தாசில் பள்ளி ஆசிரியருக்கு 9 ரூபாய். தொகை சிறிதெனினும் அரசுக் கருவூலத்திலிருந்து ஊர்க்கல்விக்குப் பணம் ஒதுக்கும் எண்ணம் அன்று புதிது. அவருக்குப் பின் அத்திட்டத்தைப் பேணுவார் இன்றி 1836இல் அப்பள்ளிகள் மூடப்பட்டன.

இந்தியரை உயர்பதவிகளிலிருந்து விலக்கிவைப்பது அவர்தம் தன்மதிப்பையே அழிக்கும் என்பதை 1824ஆம் ஆண்டு இறுதியில் எழுதிய நெடிய குறிப்பொன்றில் மன்றோ வற்புறுத்தினார். இந்நாட்டார் தம்மைத் தாமே ஆளும் காலம் ஒன்று வரும். அதுவரை அவர்களைப் பயிற்றுவதே ஆங்கிலேயர் கடமை என்பது அவர் முடிவு. இந்தியர் பத்திரிகைகளுக்குச் சுதந்திரம் கூடாது என்று 1822இல் எழுதியவரும் அவரேதான். இரண்டும் ஒரே கை எழுதியவை. அந்நிய ஆட்சியாளருள் நல்லவர் ஒருவரின் எல்லை எதுவரை என்பதை இங்கே காண்கிறோம். ஆளுநர் நாற்காலியில் இந்தியர் ஒருவர், தற்காலிகமாகவேனும், அமர மேலும் நூற்றுப்பத்து ஆண்டுகள் ஆயின. 1934ஆம் ஆண்டு மூன்று மாதங்கள் சென்னையின் பொறுப்பு ஆளுநராக இருந்த முதல் இந்தியர் சர் முகம்மது உஸ்மான். யூனானி மருத்துவம் அறிந்த அப்பெருமகனாரின் பெயரையே சென்னைத் தியாகராய நகரின் உஸ்மான் சாலை தாங்கி நிற்கிறது.

பர்மியப் போர்க்காலத்தில் ஆற்றிய உதவிக்காக 1825இல் மன்றோவுக்குப் பாரனெட் பட்டம் கிடைத்தது. பட்டத்தைவிட ஓய்வையே அவர் நாடினார். தம்மை விடுவிக்குமாறு ஏற்கெனவே கேட்டிருந்தார். நோயுற்ற இளைய மகனுடன் மனைவியார் 1826 மார்ச்சில் கப்பலேறினார். வெறிச்சோடிய கிண்டி மாளிகையின் அறைகளைக் குறித்து மனைவிக்கு அவர் எழுதிய கடிதங்கள் படிப்போர் நெஞ்சை உருக்குவன. பதவியில் தம்மைத் தொடர்பவரின் வருகைக்குக் காத்திருந்த நாள்களில், தாம் ஏழாண்டுகள் சுற்றிய பழைய மாவட்டங்களை இறுதியாக ஒருமுறை காண விரும்பி 1827 மே மாத இறுதியில் புறப்பட்டார். வழியில் வாந்திபேதி பரவியிருந்தது. உடன்சென்ற காவற்படையினர் சிலரும் அதற்கு ஆளாயினர். சூலை 6ஆம் நாள் பத்திகொண்டா என்னும் சிற்றூரில் கூடாரம் அடித்துத் தங்கியபோது நோய் அவரையும் பற்றியது. அன்றிரவே உயிர் பிரிந்தது. அப்போது வயது அறுபத்தாறு.

மறுநாள் கூத்தியில் அடக்கம் செய்யப்பட்ட உடல், 1831இல் சென்னைக்குக் கொணரப்பட்டு அவர் பதினெட்டு வயதில் வந்துசேர்ந்த அதே கோட்டையின் புனித மேரி ஆலயத்தில் வைக்கப்பட்டது. பொதுமக்கள் நிதியில் சிற்பி சாண்ட்ரி இங்கிலாந்தில் வார்த்த குதிரைச் சிலை 1839இல் தீவுத்திடலில் நிறுவப்பெற்றது. குதிரைக்கு அங்கவடி இல்லாமையைச் சிற்பியின் மறதி என்று சென்னைவாசிகள் கதை சொல்வர். மறதியன்று, இதே சிற்பி வடித்த நான்காம் ஜார்ஜ் மன்னரின் குதிரைக்கும் அங்கவடி கிடையாது. பத்திகொண்டாவில் அவர் உயிர்நீத்த இடத்தருகே வழிப்போக்கருக்காகக் கிணறு வெட்டிப் புளியமரங்கள் நட்டனர்.