டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்

நம் மதுரைக்கு வடகிழக்கேயுள்ள புதுக்கோட்டையில் 1886-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30-ஆம் நாள் முத்துலட்சுமி அம்மையார் தோன்றினார். ஆண்மக்களே பயின்றுவந்த மகாராஜா கல்லூரியில் மன்னரின் அனுமதி பெற்றுச் சேர்ந்தார். பின்னர்ச் சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்று 1912-இல் பட்டம் பெற்றார்.

அம்மையாரின் தங்கையார் இளமையிலேயே பிணியுற்றார். வைத்தியர்கள் அதனைச் சீதபேதியெனக் கருதிச் சிகிச்சை செய்து வந்தனர். அதுவோ மலக்குடலில் உண்டான புற்றுநோய். உண்மை புலப்பட்டபோது காலம் கடந்துவிட்டது, தங்கையார் உயிர்நீத்தார். தாம் மருத்துவராயிருந்தும் உடன்பிறந்தாளைக் காக்கவியலாத துயரம் அம்மையாரின் நெஞ்சை விட்டகலவில்லை.

புற்றுநோயாளர் எவ்வாறாயினும் இறப்பவரே என்று பலர் அசட்டை செய்த காலம் அது. அம்மையார் தளர்ந்தாரல்லர், ஊர்தோறும் பொருள் திரட்டினார். 1952-இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்ட, 1954-இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பெற்றது. ஆராய்ச்சியும் அதனுடன் வளர்ந்தது. 1968-இல் அம்மையார் மறைந்தார்.

ஐம்பது வயதிற்குட்பட்டோரிடையே பெருங்குடல், மலக்குடற் புற்றுநோய்கள் பல நாடுகளிற் பெருகி வருதலை ஆராய்ச்சியாளர் இன்று காண்கின்றனர். காரணம் இன்னும் முற்றும் விளங்கவில்லை. மூலமென்றும் சீதபேதியென்றும் எண்ணி நாட்கழிக்கும் பிழையோ இன்றும் ஒழிந்தபாடில்லை. மாணவ நண்பர்காள்! மலத்தில் இரத்தங் காணின், இளமையை நம்பி வாளாவிராது, நாணமும் கொள்ளாது, உடனே மருத்துவரை நாடுவோமாக. அதுவே அத்தங்கையார்க்கு நாம் செய்யும் அஞ்சலியாகும்.