காந்தம் அளந்த தமிழர் கே. எஸ். கிருஷ்ணன்

சர் சி. வி. இராமனை நாம் அனைவரும் அறிவோம். அவருடன் தோள் கொடுத்து உழைத்த கே. எஸ். கிருஷ்ணனை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? கோலசிலாங்கூர்த் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியில் பயின்று, தேசிய இடைநிலைப்பள்ளி வழியே பல்கலைக்கழகம் வந்த நானும் இறுதியாண்டு ஆய்வின்போதுதான் அவரை அறிந்தேன்.

கரியமாணிக்கம் ஸ்ரீநிவாச கிருஷ்ணன் 1898-இல் தமிழகத்தின் வத்திராயிருப்பில் பிறந்தார். தந்தை உழவர், தமிழும் வடமொழியும் கற்றவர். ஸ்ரீவில்லிபுத்தூர், மதுரை, சென்னை எனக் கிருஷ்ணனின் கல்வி வளர்ந்தது. சென்னை கிறித்துவக் கல்லூரியில் வேதியியல் செய்முறைப் பயிற்றுநராக இருந்தபோது, மதிய இடைவேளையில் மாணவர்களின் ஐயங்களுக்கு விளக்கம் தந்தார். இயற்பியலோ கணிதமோ, எதையும் கேட்கலாம். பிற கல்லூரி மாணவர்களும் தேடி வந்தனர்.

பின்னர் கல்கத்தா சென்று இராமனிடம் சேர்ந்தார். 1928-இல் புதிய ஒளிச்சிதறலை அறிவித்த முதல் குறிப்பில் இருவர் பெயரும் இருந்தன. 1930-இல் நோபல் பரிசு இராமனுக்கு மட்டுமே கிடைத்தது. அதற்கு முன்பே, 1928 இறுதியில், கிருஷ்ணன் டாக்கா பல்கலைக்கழகம் சென்று புதிய துறையில் இறங்கியிருந்தார். அதுதான் படிகங்களின் காந்தவியல்.

அவர் முறை எளிமையானது. சிறு படிகத்தை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் காந்தப்புலத்தில் தொங்கவிடுவார். இழையின் மேல்முனையை மெல்ல முறுக்குவார். ஓர் எல்லையில் படிகம் சட்டென்று திரும்பிவிடும். அதுவரை முறுக்கிய கோணத்தைக் கொண்டு, படிகத்தின் காந்தத்தன்மை திசைக்குத் திசை எவ்வளவு வேறுபடுகிறது என்று கணக்கிட்டார். நாப்தலீன் போன்ற படிகங்களுக்குள் மூலக்கூறுகள் எப்படிச் சாய்ந்திருக்கின்றன என்பதையும் அதிலிருந்து கண்டறிந்தார்.

1940-இல் இலண்டன் ராயல் கழக உறுப்பினரானார், 1947-இல் இந்தியத் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார், 1961-இல் மறைந்தார்.

என் ஆய்வு இரும்பு ஆக்சைடு நானோத் துகள்கள் பற்றியது. இரும்பு உப்புக் கரைசல்களில் அம்மோனியா சேர்த்தால் கறுப்பு வீழ்படிவு உண்டாகும். துகள் பத்து நானோமீட்டர் அளவுக்குச் சிறுத்தால், புலம் இருக்கும்வரை காந்தமாக இருக்கும். புலத்தை நீக்கியதும் காந்தத்தன்மையை இழந்துவிடும். இதைப் படித்து என்ன வேலை கிடைக்கும் என்று வீட்டில் கேட்கிறார்கள். காந்தம் நம் ஊருக்குப் புதிதன்று. பத்தாங் பெர்ஜுந்தையில், அதாவது இன்றைய பெஸ்தாரி ஜெயாவில், முன்பு ஈய லம்பங்கள் இருந்தன. ஈயத்தோடு வரும் கருமணலைப் பிரிக்கவும் காந்தமே உதவுகிறது.

பெரிய பெயரின் நிழலில் நின்றுவிடாமல், வேறு ஊரில் தமக்கென ஒரு துறையை அமைத்துக்கொண்டவர் கிருஷ்ணன். அவருடைய மதிய இடைவேளையை நாமும் பின்பற்றலாமே! வரும் விடுமுறையில் புக்கிட் ரோத்தான், ஈஜோக் தோட்டப்புற மாணவர்களிடம் சென்று, அவர்கள் கேட்கும் அறிவியல் ஐயங்களுக்குத் தமிழில் விடை சொல்வோம். முதல் நாளுக்கு நான் வருகிறேன். உடன் வருவோர் யார்?