'டைம் மெஷின்' எழுத்தாளர் தரையில் படுத்து பொம்மைப் போர் நடத்தியது ஏன்? ஹெச்.ஜி.வெல்ஸும் ஈயச் சிப்பாய்களும்

கையளவு உயரம்கூட இல்லாத சிப்பாய் பொம்மைகள். அவற்றைத் தேடித்தேடிச் சேர்க்கிறார்கள். பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு சட்டைப் பொத்தான் வரை வண்ணம் தீட்டுகிறார்கள். பிறகு மேஜையில் மலை, ஆறு, கிராமம் எல்லாம் அமைத்து இரண்டு படைகளாகப் பிரித்து மோதவிடுகிறார்கள். 'மினியேச்சர் வார்கேம்' என்று சொல்லப்படும் இந்தப் பொழுதுபோக்கில் இன்று உலகம் முழுக்க லட்சக்கணக்கானோர் மூழ்கிக் கிடக்கிறார்கள். குழந்தைகள் மட்டும்னு நினைத்துவிட வேண்டாம். பெரும்பாலானோர் வேலைக்குப் போய் வரும் பெரியவர்கள்.

இந்த விளையாட்டை வீட்டுக்குள் கொண்டுவந்து, அதற்கு எளிய விதிகளை எழுதிக் கொடுத்தவர் ராணுவத் தளபதி அல்ல. 'டைம் மெஷின்', 'இன்விசிபிள் மேன்' நாவல்களை எழுதிய ஹெச்.ஜி.வெல்ஸ்தான் அவர். அதைவிட ஆச்சரியம், போரை வெறுக்க வைப்பதற்காகவே அவர் இந்தப் போர் விளையாட்டைப் பரப்ப நினைத்தார். அது நடந்ததா? முழுக் கதையையும் பார்ப்போம்.

யார் இந்த வெல்ஸ்?

ஹெர்பர்ட் ஜார்ஜ் வெல்ஸ் 1866 செப்டம்பர் 21 அன்று இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் உள்ள புரோம்லியில் பிறந்தார். வசதியான குடும்பம் இல்லை. அப்பா ஜோசப் வெல்ஸ் பீங்கான் பாத்திரமும் கிரிக்கெட் சாமான்களும் விற்கும் சின்னக் கடை வைத்திருந்தார். கடையில் வருமானம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஆனால் கிரிக்கெட்டில் ஆள் கில்லாடி. 1862-ல் கென்ட் அணிக்காக சசெக்ஸ் அணிக்கு எதிராக 4 பந்துகளில் 4 விக்கெட் எடுத்தவர். அம்மா சாரா, பெரிய வீடுகளில் வேலை பார்த்தவர்.

ஏழு வயதில் வெல்ஸுக்குக் கால் உடைந்தது. வாரக்கணக்கில் படுக்கையில் கிடந்த பையனுக்கு அப்பா நூலகத்தில் இருந்து புத்தகங்களாகக் கொண்டுவந்து கொடுத்தார். படிப்புப் பைத்தியம் அங்கே தொடங்கியது. கூடவே இன்னொரு பைத்தியமும் ஒட்டிக்கொண்டது. புரோம்லியின் தெருக்களிலும் மேடுகளிலும் தனியாக நடந்து போகும்போது, மனசுக்குள் பெரிய படைகளை நடத்திப் போர் புரிவானாம் அந்தச் சிறுவன். வெளியே பார்ப்பவர்களுக்கு ஒல்லியான ஒரு பையன். உள்ளுக்குள் உலகை வென்ற தளபதி.

துணிக்கடையில் எடுபிடி வேலை, அதில் இருந்து தப்பித்து ஆசிரியர் வேலை, பிறகு உதவித்தொகையில் லண்டனில் அறிவியல் படிப்பு என்று போனது இளமை. டார்வினின் கோட்பாட்டை ஊரெங்கும் எடுத்துச் சொன்ன தாமஸ் ஹக்ஸ்லியிடம் உயிரியல் படித்தார். 1895-ல் 'டைம் மெஷின்' வந்தது. 1898-ல் செவ்வாய்க் கிரகவாசிகள் பூமியைத் தாக்கும் 'வார் ஆஃப் த வேர்ல்ட்ஸ்' வந்தது. அதற்குப் பிறகு அவர் பெயர் தெரியாத வாசகர் இங்கிலாந்தில் இல்லை என்றானது.

ஈயச் சிப்பாய் வந்த வழி

பொம்மைப் படையை வைத்துப் போர் நடத்துவது நமக்கொன்றும் புதிதில்லை. யானை, குதிரை, தேர், காலாள் என்று நால்வகைப் படையைக் கட்டத்தில் நிறுத்திய சதுரங்கம் இந்தியாவில் பிறந்ததுதான். அது பாரசீகம், அரபு நாடுகள் வழியாக ஐரோப்பா போய் செஸ் ஆனது.

அந்த செஸ்ஸைத்தான் 1780-ல் ஜெர்மனியின் ஹெல்விக் என்ற ஆசிரியர் பெரிதாக்கி, கட்டங்களில் ஆறு, காடு, பீரங்கி எல்லாம் சேர்த்துப் போர் விளையாட்டாக மாற்றினார். பிறகு பிரஷ்யாவின் ரைஸ்விட்ஸ் குடும்பத்தில் அப்பா 1812-லும் மகன் 1824-லும் அதை இன்னும் நிஜத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்கள். 'கிரீக்ஸ்ஷ்பீல்' என்ற பெயரில் அது ராணுவ அதிகாரிகளின் பயிற்சியானது. விதிகள் ஏராளம், நடுவர் ஒருவர் வேண்டும், சாதாரண ஆள் உட்கார்ந்து ஆடவே முடியாது.

இன்னொரு பக்கம் பொம்மைகள். உலோகச் சிப்பாய் பொம்மை என்றால் அப்போதெல்லாம் ஜெர்மனிதான். 1893-ல் லண்டனைச் சேர்ந்த வில்லியம் பிரிட்டன் நிறுவனம் ஒரு புது வழி கண்டுபிடித்தது. உருக்கிய ஈயக் கலவையை அச்சில் ஊற்றுவார்கள். வெளிப்பக்கம் இறுகியதும் உள்ளே இருக்கும் குழம்பைக் கவிழ்த்துக் கொட்டிவிடுவார்கள். பொம்மை உள்ளே வெறும் கூடு. உலோகம் மிச்சம், எடை குறைவு, விலையும் மலிவு. நின்றால் சுமார் 54 மில்லிமீட்டர் உயரம். ஒவ்வொன்றுக்கும் கையாலேயே வண்ணம் பூசினார்கள். நடுத்தர வர்க்கப் பிள்ளைகளின் கைக்கும் ஈயச் சிப்பாய் வந்தது இப்படித்தான்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு சூடு

வெல்ஸுக்கு ஜிப், ஃபிராங்க் என்று இரண்டு மகன்கள். 1901-லும் 1903-லும் பிறந்தவர்கள். கென்ட் கடற்கரையில் சாண்ட்கேட் என்ற ஊரில் அவர் கட்டிய வீட்டின் தரை முழுக்க மரக்கட்டைகளும் பலகைகளும் பொம்மைகளும்தான். தரையே கடல், பலகைகளே தீவுகள். அப்பாவும் பிள்ளைகளும் சேர்ந்து நகரம் கட்டினார்கள், ரயில் ஓட்டினார்கள். அந்த விளையாட்டுகளைப் பற்றி 1911-ல் 'ஃபுளோர் கேம்ஸ்' என்ற புத்தகமே எழுதினார்.

போர் விளையாட்டு தொடங்கியது தற்செயலாக. பொம்மைப் பீரங்கி ஒன்று அந்த வீட்டில் இருந்தது. ஸ்பிரிங் விசையில் சின்ன மரக்குச்சியைத் துல்லியமாகச் சுடும். மதிய உணவு முடிந்ததும் ஒரு நண்பர் தரையில் உட்கார்ந்து பொம்மைச் சிப்பாய்களைக் குறிபார்க்கத் தொடங்கினார். வெல்ஸ் அவரை முதலெழுத்துகளால் மட்டுமே குறிப்பிடுகிறார். நகைச்சுவை எழுத்தாளர் ஜெரோம் கே. ஜெரோம்தான் அவர் என்பது பொதுவான கருத்து. ஒருவர் சுட, இன்னொருவர் சவால் விட, போட்டி சூடுபிடித்தது. சும்மா சுடுவதில் என்ன இருக்கு, படைகள் நகரவும் வேண்டும் என்ற யோசனை வந்தது. அதில் இருந்து விதிகள் ஒவ்வொன்றாக முளைத்தன. பல மாதங்கள் ஆடிப் பார்த்து, திருத்தி, 1913-ல் 'லிட்டில் வார்ஸ்' என்ற புத்தகமாக வெளியிட்டார். புகைப்படங்களை எடுத்தவர் அவருடைய மனைவி கேத்தரின்.

எப்படி விளையாடுவது?

விதிகள் ரொம்பச் சுலபம். தரையில் சாக்பீஸால் ஆறு வரைவார்கள். தோட்டத்துச் செடியின் கிளைகள் மரங்களாகும். அட்டையிலும் கட்டையிலும் வீடுகள். நாணயத்தைச் சுண்டி யாருக்கு எந்தப் பக்கம் என்று முடிவாகும். நடுவே திரையைத் தொங்கவிட்டு, எதிராளிக்குத் தெரியாமல் அவரவர் படையை நிறுத்துவார்கள். திரை விலகும்போதுதான் எதிரி எங்கே என்று தெரியும்.

காலாட்படை ஒரு முறைக்கு 1 அடி நகரலாம். குதிரைப்படை 2 அடி. பீரங்கி சும்மா சுடாது. பக்கத்தில் 6 அங்குலத்துக்குள் குறைந்தது 4 சிப்பாய்கள் நிற்க வேண்டும். அவர்களை வீழ்த்திவிட்டால் பீரங்கி ஊமை. நேர்மோதலில் சம அளவு படைகள் சந்தித்தால் இரண்டு பக்கமும் சமமாக விழும். ஆள் குறைந்து தனியாக மாட்டிக்கொண்டால் கைதி. ஒவ்வொருவரின் முறைக்கும் கடிகாரம் வைத்து நேரம் பார்ப்பார்கள். யோசித்துக்கொண்டே உட்கார முடியாது.

பகடையே கிடையாது. குச்சி பட்டு பொம்மை விழுந்தால் செத்தது, இல்லாவிட்டால் பிழைத்தது. அதிர்ஷ்டத்தின் இடத்தில் குறிபார்க்கும் கண் வந்துவிட்டது. ராணுவ அதிகாரிகள் யாராவது விளையாட வந்தால், ஆரம்பத்திலேயே திணறிப்போனார்கள் என்று வெல்ஸ் குறும்பாகப் பதிவு செய்திருக்கிறார்.

நம்ம ஊர் கொலுவும் இந்த ஆசையும்

பெரியவர்களுக்குப் பொம்மை மேல் அப்படி என்ன ஆசை? நவராத்திரிக்குக் கொலு வைக்கும் வீட்டாரிடம் கேட்டால் பதில் கிடைக்கும். வருஷத்துக்கு ஒரு செட்டாவது புதிதாக வாங்க வேண்டும். பாட்டி காலத்துப் பொம்மையைத் துணியில் சுற்றிப் பரணில் பத்திரமாக வைக்க வேண்டும். கல்யாண செட், கிரிக்கெட் செட், பேண்டு வாத்திய செட் என்று வரிசை கட்ட வேண்டும். படிகளுக்குக் கீழே மணலில் பூங்கா, மலை, குளம் அமைப்பது பிள்ளைகளின் வேலை. வெல்ஸ் வீட்டுத் தரையில் நடந்ததும் கிட்டத்தட்ட இதுதான்.

வண்ணம் தீட்டுவதிலும் ஒற்றுமை இருக்கிறது. மதுரை விளாச்சேரியிலும் பண்ருட்டியிலும் பொம்மை செய்பவர்கள் முதலில் வெள்ளைப் பூச்சு கொடுத்து, பெரிய பரப்புகளை முடித்து, நகையையும் கண்ணையும் கடைசியில்தான் எழுதுவார்கள். சிப்பாய் பொம்மைக்கும் அதே வரிசை. முதல்பூச்சு, உடைக்கு அடிப்படை நிறம், மடிப்புகளில் இறங்கும்படி நீர்த்த கருநிறம், மேடான இடங்களில் தூரிகையைக் கிட்டத்தட்ட உலர்த்தி ஒரு லேசான தேய்ப்பு, கடைசியில் முகம். கை நடுங்கினால் கண் கோணும். ஒரு படையை முடிக்க மாதக்கணக்கில் ஆகும். இதில் ஈடுபடுபவர்களில் பலர் விளையாடுவதே இல்லை. வண்ணம் தீட்டும் அந்த அமைதியே அவர்களுக்குப் போதும்.

விளையாட்டுக்குள் இருந்த வாதம்

வெல்ஸ் வெறும் விதிகளோடு புத்தகத்தை முடிக்கவில்லை. கடைசிப் பகுதியில் நேராக விஷயத்துக்கு வருகிறார். மூன்று நான்கு முறை இந்தப் பொம்மைப் போரை ஆடிப் பாருங்கள், நிஜப் போர் எவ்வளவு குளறுபடியாக இருக்கும் என்று புரிந்துவிடும் என்பது அவர் வாதம். பொம்மைகளை வைத்தே திட்டம் சொதப்புகிறது, மறந்துபோன ஒரு பீரங்கியால் ஆட்டமே கவிழ்கிறது. உயிருள்ள மனிதர்களை வைத்து அதே குளறுபடியைச் செய்தால் என்ன ஆகும்? போர் வேண்டும் என்று துடிக்கும் தலைவர்களை எல்லாம் ஓர் அறையில் விட்டு, ஆசை தீரும் மட்டும் ஈயச் சிப்பாய்களைக் கொடுத்துவிட்டால், மற்றவர்கள் நிம்மதியாகப் பிழைப்பைப் பார்க்கலாம் என்றார் அவர்.

இதற்கு எதிர்வாதமும் உண்டு. பிரிட்டன் நிறுவனத்தின் பெட்டிகளில் ஆங்கிலேயச் சிப்பாய்கள் மட்டும் இல்லை. அவர்களோடு மோத ஜூலு வீரர்கள், போயர்கள், பேரரசுக்காகச் சண்டை போட இந்தியக் குதிரைப்படை என்று எல்லாம் இருந்தது. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் பேரரசின் போர்களைத் தரையில் ஆடி ஆடியே அவற்றை இயல்பானவையாக எடுத்துக்கொண்டார்கள் என்ற விமர்சனத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது.

ஒரே வருடத்தில் வந்த நிஜப் போர்

புத்தகம் வந்து சுமார் ஒரு வருடம்தான். 1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் வெடித்தது. செப்டம்பர் 21 வெல்ஸின் 48-வது பிறந்தநாள். அதற்கு மறுநாள் இரவு சென்னைக் கடற்கரைக்கு முன்னால் ஜெர்மனியின் 'எம்டன்' கப்பல் வந்து நின்றது. அதன் 10.5 சென்டிமீட்டர் பீரங்கிகள் நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைப் பொழிந்தன. பர்மா ஆயில் நிறுவனத்தின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. சிலர் உயிரிழந்தனர். மக்கள் கூட்டம் கூட்டமாக ஊரைக் காலி செய்தார்கள். அடுத்த சில நாட்களில் அந்தக் கப்பல் இலங்கைக் கடற்பகுதியில் சரக்குக் கப்பல்களை மூழ்கடித்தது. சென்னை தொடங்கி தெற்கே தூத்துக்குடி, சாயர்புரம் வரைக்கும் கில்லாடியான ஆளை எம்டன் என்று சொல்லும் வழக்கம் வந்தது இந்தக் கப்பலால்தான்.

மரக்குச்சி சுடும் பீரங்கியை வைத்து அமைதி பேசிய வெல்ஸ் அப்போது என்ன செய்தார்? போரை ஆதரித்தார். ஜெர்மனியின் ராணுவ வெறியை ஒழித்தால் இதுவே கடைசிப் போராக இருக்கும் என்று நம்பி, 1914-லேயே 'த வார் தட் வில் எண்ட் வார்' என்ற புத்தகத்தை வெளியிட்டார். 1918-ல் அரசின் பிரசாரப் பிரிவில் வேலையும் பார்த்தார். இந்தியாவில் இருந்து மட்டும் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்தப் போருக்காகக் கடல் கடந்தார்கள். சுமார் 74 ஆயிரம் பேர் திரும்பவில்லை. போர் முடிந்தது, ஆனால் போர்கள் முடியவில்லை. வெல்ஸ் தந்த அந்தத் தலைப்பு பிற்காலத்தில் கிண்டலாகவே பயன்படுத்தப்பட்டது.

அந்தச் சறுக்கலில் இருந்து அவர் கற்றுக்கொள்ளாமல் இல்லை. உலக நாடுகளுக்குப் பொதுவான அமைப்பு வேண்டும் என்று எழுதிக்கொண்டே இருந்தார். 1934-ல் வெளியான சுயசரிதையில், புரோம்லி தெருக்களில் மனசுக்குள் படை நடத்திய அந்தப் பையனைத் திரும்பிப் பார்க்கிறார். ஹிட்லர் வேறு யாருமல்ல, தன்னுடைய 13 வயசுக் கற்பனை நிஜமாக எழுந்து வந்ததுதான் என்று எழுதுகிறார். எல்லாச் சிறுவனுக்குள்ளும் அந்தத் தளபதி இருக்கிறான், அவனைத் தரையோடு நிறுத்திவிடுவதா, நாட்டைக் கொடுப்பதா என்பதுதான் கேள்வி என்று அவர் உணர்ந்திருந்தார். 1940-ல் மனித உரிமைகள் பற்றி அவர் எழுதிய நூல், 1948-ல் ஐநா வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்துக்கான முன்னோடிகளில் ஒன்றாகப் பேசப்படுகிறது. அந்தப் பிரகடனத்தைப் பார்க்க அவர் இல்லை. ஹிரோஷிமாவுக்கு அடுத்த ஆண்டு, 1946 ஆகஸ்ட் 13 அன்று, 79 வயதில் லண்டனில் காலமானார்.

இன்றைக்கு என்ன நிலை?

'லிட்டில் வார்ஸ்' விதைத்தது வீண்போகவில்லை. 1962-ல் டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் எழுதிய 'வார் கேம்ஸ்' இந்தப் பொழுதுபோக்கை மீண்டும் எழுப்பியது. 1974-ல் வந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டும் பொம்மைப் போர்க் குழுக்களில் இருந்து பிறந்ததே. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ், வெல்ஸின் புத்தகத்தின் மறுபதிப்புக்கு முன்னுரை எழுதினார். 1983-ல் இங்கிலாந்தில் வெளியான 'வார்ஹேமர்' இன்று பெரும் வணிகம்.

ஈயம் நஞ்சு என்பதால் இப்போது பிளாஸ்டிக், ரெசின், ஈயமில்லாத உலோகக் கலவை என்று மாறிவிட்டது. 54 மில்லிமீட்டர் சிப்பாய் பெரும்பாலான மேஜைகளில் 28 மில்லிமீட்டராகச் சுருங்கிவிட்டான். ஸ்பிரிங் பீரங்கியின் இடத்தில் பகடை வந்துவிட்டது. மாறாதது ஒன்று உண்டு. ஆட்டம் முடிந்ததும் விழுந்து கிடந்த சிப்பாய்களை எல்லாம் எடுத்து, தூசி தட்டி, அடுத்த ஆட்டத்துக்காகப் பெட்டிக்குள் அடுக்கிவிடுகிறார்கள்.